யாமினிக்குப் பொருந்திய பல்

12 அக்டோபர் 2025, ஞாயிறு
தீபாவளி முறுக்கின் முதல் ஈட்டைக் கடித்துப் பதம் சொல்வது எங்கள் குடும்பத்தில் மூத்த மருமகளின் வேலை. முப்பது வருஷமாக நான்தான். இன்று என் பல் செட் ஆடியதால் ஓரகத்தி யாமினி எடுத்துக் கடித்தாள். நறுக்கென்று சத்தம். "உப்பு கொஞ்சம் கம்மி அக்கா." உடனே மாவில் உப்பு விழுந்தது. நாலு பல் இம்பிளாண்ட் வைத்ததிலிருந்து அவளுக்குச் சிரிப்பே கூடிவிட்டது. எனக்கு வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போதும்.

29 அக்டோபர், புதன்
லிட்டில் இந்தியாவில் யாமினி போன அதே பல் கிளினிக்குக்கு நானும் போனேன். தாடை எலும்பில் திருகாணி போல ஒன்றை இறக்குவார்களாம். அது எலும்போடு பிடித்துக்கொள்ளச் சில மாதம். பிறகுதான் மேலே பல். எக்ஸ்ரேயில் எலும்பு போதுமான அளவு இருக்கிறது, வயது ஒரு தடையில்லை என்றார் டாக்டர். புகை? இல்லை. சர்க்கரை? இல்லை. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" பிரஷர் மாத்திரை மட்டும் என்றேன். அவளுக்கு நாலு. நான் ஆறு கேட்கலாமா?

30 அக்டோபர்
கிளினிக்கில் கொடுத்த தாளைப் படித்தேன். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டுமாம். சிலருக்குத் தாடைப் புண் ஆறாமல் போகலாம். நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கப் பாலிகிளினிக்கில் போட்டுக்கொள்கிறேனே — ஆனால் அவர் மாத்திரையைத்தானே கேட்டார்?

2 நவம்பர்
சொல்லமாட்டேன்.

18 நவம்பர், செவ்வாய்
இன்று இம்பிளாண்ட் வைக்கும் நாள். துணைக்கு யாமினி வந்தாள். தாதி ஃபார்மை ஒருமுறை வாசித்ததும், "அக்கா எலும்புக்கு ஊசி போடுறாங்களே, எழுதலையா?" என்றாள் யாமினி. எல்லாம் நின்றது. பாலிகிளினிக்குக் கடிதம் எழுதுகிறாராம் டாக்டர். நானாக ஊசியை நிறுத்தவும் கூடாதாம்.

டாக்சியில் கேட்டேவிட்டேன். "எனக்கும் பல்லு வந்துடும்னு பொறுக்கலையாடி உனக்கு?" கண்ணைத் துடைத்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நல்லா அழட்டும்.

6 டிசம்பர், சனி
இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்துவிட்டார்கள். இம்பிளாண்ட் வேண்டாம், அளவெடுத்துப் புது செட். யாமினி கிளமெண்டியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். நான் கதவைத் திறந்துவிட்டேன்.

"முதல்ல வச்ச ரெண்டும் எனக்குக் கழண்டுடுச்சு அக்கா. போன வருஷம். சீழ் வச்சு மூணு மாசம் படுத்தேன். சுகர் ஏறிக் கிடந்ததை டாக்டர்கிட்ட மறைச்சிட்டேன்."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படிலா சொல்றது? உங்களுக்கு இந்த வயசுலயும் சுகர் இல்ல. நீங்க என்ன செஞ்சாலும் வீட்ல ஒசத்தி. என் உடம்பும் கெட்டுப்போச்சுன்னு உங்க முன்னாடி எப்படி நிப்பேன்?"

என்னைப் பார்த்து ஒருத்தி ஏங்கியிருக்கிறாள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்த மூன்று மாதமும் அவள் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. திமிர் என்று நினைத்து, நான் ஒரு போன்கூடப் போடவில்லை.