அம்பாசடர் விக்குது

ஜூன் 11, செவ்வாய்

வண்டி இன்னைக்கு நடுரோட்டுல நின்னுது.

தக்கலையில இருந்து வரும்போ, கருங்கலுக்கு முன்னால வாற அந்த நேர் ரோட்டுல. மழ இல்ல. ஏத்தம் இல்ல. எஞ்சின் சூடும் இல்ல. சும்மா நாப்பதுல போயிட்டு இருந்துது. சட்டுனு ஒரு விக்கல். பின்ன ஒண்ணு. பின்ன சத்தமே இல்ல. ஓரமா உருட்டி நிறுத்தி சாவியத் திருப்பினேன், ஒடனே ஸ்டார்ட் ஆச்சு. ஒண்ணுமே நடக்காத மாதிரி.

எனக்க பொண்டாட்டி பிரீனாக்க வண்டி இது. அவளுக்க அப்பா ஆபேல் மாமா டாக்சி ஓட்டின அம்பாசடர். மாமா போனதுக்குப் பொறவு அவ எடுத்துக்கிட்டா. ஸ்கூலுக்கு தெனமும் இதுலதான், கூட மூணு டீச்சர்மாரையும் ஏத்திக்கிட்டு. ஒரு சின்ன வண்டி வாங்கித் தரட்டான்னு நான் மஸ்கட்ல இருந்து கேட்டா, "என்னக் கெட்டிக் குடுத்தப்போ இதையும் சேத்துத்தான் கெட்டிக் குடுத்தாங்க, பேசாம இருங்க"ம்பா.

டிசம்பர்ல அவளும் போனா. வேலைய விட்டுட்டு வந்த நான் திரும்ப மஸ்கட் போகல்ல. வாரத்துக்கு ஒரு தடவ வண்டிய எடுப்பேன், பேட்டரி எறங்காம இருக்க. வேற காரணம் உண்டா? தெரியாது.

எஞ்சின் நிக்கணும்னா ரெண்டுல ஒண்ணு. பெட்ரோல் வரல்ல, இல்லன்னா பொறி வரல்ல. நாளைக்குப் பாக்கணும்.

ஜூன் 12, புதன்

பெட்ரோல் பக்கம் பூராத்தையும் கழட்டினேன். டேங்குல இருந்து கார்புரேட்டர் வர.

ஒரு பொட்டு அழுக்கு இல்ல. கடைசியா இதக் கழட்டி மாட்டினது பிரீனாதான். ஒவ்வொரு ஸ்குரூவும் அளவா முறுக்கியிருக்கா, கூடவும் இல்ல கொறயவும் இல்ல. மஸ்கட்ல பிளான்ட்டுல எனக்குக் கீழ வேல பாத்தவன் ஒருத்தன்கூட இப்படிச் செஞ்சதில்ல. நான் செஞ்சிருப்பேனா? சந்தேகம்தான்.

எல்லாத்தையும் மாட்டி ஓட்டிப் பாத்தேன். அதே விக்கல்.

ஜூன் 13, வியாழன்

பொறி பக்கம். பிளக்கு நல்லது. காயில் நல்லது. கண்டென்சர் மேல சந்தேகப்பட்டுப் புதுசு போட்டேன், ஒரு மாத்தமும் இல்ல. வயர் வயரா மீட்டர வச்சுப் பாத்தேன். எல்லாத்துக்கும் பீப்புன்னு சத்தம் குடுக்கு. மீட்டர் கணக்குல இந்த வண்டிக்கு ஒரு நோயும் இல்ல. எட்டு வருசம் அடுத்தவன் மெசினுக்குப் பிழ கண்டுபிடிச்சுச் சம்பளம் வாங்கினவன் நான்.

பழைய வண்டிக்காரங்களுக்க வாட்சப் குரூப்புல ஒரு வரி போட்டேன். பிரீனாதான் என்ன அதுல சேத்துவிட்டது.

"பிரீனாக்க அம்பாசடர் விக்குது. கருங்கல்ல இருக்கு. யாராவது வந்து பாத்தா உபகாரம்."

ஜூன் 14, வெள்ளி

காலத்தே நடையில ரெண்டு பேரு. கேக்கதுக்கு முன்னால பானட்டத் தூக்கிட்டாங்க. உபகாரம் செய்ய வந்தவங்கன்னு சாயா போட்டுக் குடுத்தேன். ஒருத்தன் கதவுக்குக் கீழ துருவச் சொரண்டிக்கிட்டே, "எப்போ விக்கதா உத்தேசம்?"னு கேட்டான். "இப்பவே விக்குது, ஓட்டினா தெரியும்"னேன். பின்னதான் அவன் முழிச்ச முழியில எனக்கு விளங்கிச்சு.

குரூப்பத் தொறந்து பாத்தா பதினேழு பேரு வில கேட்டிருக்காங்க. ஒருத்தன் அழுத முகம் போட்டு "பிரீனா டீச்சருக்க வண்டியா?"ன்னு எழுதியிருக்கான்.

திருத்தி ஒரு வரி போட்டா முடிஞ்சுது. போனக் கையில எடுத்தேன். திரும்ப வச்சேன். இல்லன்னு சொல்லதுக்கும் ஒரு தெம்பு வேணும். அப்புறம்... வித்தாத்தான் என்ன? யாருக்கு ஓட்டதுக்கு இது?

ஜூன் 15, சனி

கிருஷ்ணமணி அண்ணன்னு ஒருத்தர் வந்தாரு. பத்மநாபபுரத்துல ராஜாக்க கொட்டாரத்துக்குப் பக்கத்துல கட வச்சிருக்காராம். வண்டியத் தொட்டுக்கூட பாக்கல்ல. கையக் கெட்டிக்கிட்டு தூரத்துல நின்னாரு.

ஒரு மழ நாளு, தக்கலை ஏத்தத்துல, முன்னால பஸ் நின்னுட்டுதாம். பின்னால மூக்க ஒட்டி ஒரு புதுக் காரு. நடுவுல பிரீனா. இவரு கடைக்குச் சாமான் வாங்கப் போனவரு, கொடையப் பிடிச்சு நின்னு டயரையே பாத்தாராம். பஸ் எடுத்ததும் அம்பாசடர் முன்னால போச்சு. ஒரு விரக்கட பின்னால உருளல்ல. "எனக்கு ஆச வண்டி மேல இல்ல தம்பி. அந்தப் பிள்ள ஓட்டினதக் கண்டதுல இருந்து வந்த ஆச"ன்னாரு.

நான் அதக் கண்டதில்ல. லீவுக்கு வந்தா நான்தான் ஓட்டுவேன், அவ பக்கத்துல இருந்து கம்மன்ட் அடிப்பா.

நல்ல மனுசன். குடுத்தா இவருக்குக் குடுக்கலாம். யோசிச்சுச் சொல்லுதேன்னு சொன்னேன்.

ஜூன் 16, ஞாயிறு

சபையில நேசம்மாள் மாமி, பிரீனாக்க அம்மா, என்னப் பாக்காமலே போனா. எல்லா ஞாயிறும் வெளிய நின்னு "சாப்பிட்டியா மக்கா"ன்னு கேப்பா. நான் பொய் சொல்லுவேன். இன்னைக்கு அந்தப் பொய்க்கும் வேல இல்ல.

மத்தியானம் சுபிதா போன் செஞ்சா. பிரீனாக்க தங்கச்சி.

"அத்தான், வண்டிய விக்கியளா?"

"வண்டி விக்குது."

"அதான் கேக்கேன். விக்கியளா?"

விளக்கிச் சொன்னேன். அவ சிரிச்சா. சிரிச்சு முடிச்சு, "செரி. விக்கலன்னு அம்மைகிட்ட சொல்லட்டா?"ன்னு கேட்டா. பாக்கலாம்னேன். அவ பின்ன சிரிக்கல்ல.

ஜூன் 17, திங்கள்

மாமி வந்தா. பஸ்ஸுல, தனியா, சபைக்குப் போற சேலையக் கெட்டிக்கிட்டு. வீட்டுக்குள்ள வரல்ல. நேரே ஷெட்டுக்குப் போனா. பிரீனாவ அடக்கம் செஞ்ச பொறவு அவ இந்த வண்டிப் பக்கம் வந்ததே இல்ல.

"வண்டி பாக்க வந்தேன்"னா.

வெளையாட்டுன்னு நெனச்சேன். இல்ல. டயரப் பாத்தா. டிக்கியத் தொறந்து ஸ்டெப்னிய அமுக்கிப் பாத்தா. வைப்பர் போடச் சொன்னா. முகத்துல ஒண்ணும் இல்ல, எங்கேயோ இருந்து வந்த ஒரு ஆளு மாதிரி.

"மாமி, நீங்க எதுக்கு—"

"ஒனக்க பொருளு. விக்காதன்னு சொல்ல எனக்கு உரிம இல்ல. ஆனா வாங்கலாம்லா? எனக்க மொவளுக்க வண்டி சந்தைக்கு வந்தா மொதல்ல நான்தான் பாக்கணும். வில சொல்லு."

"விக்கல மாமி."

"விக்கல் இருக்குன்னு சுபிதா சொன்னா. அப்போ விலையும் கொறையும்லா."

நான் திருத்தல்ல. நான் எத நெனச்சுச் சொன்னேன்னு எனக்கே தெரியல்ல.

போகும்போ திரும்பிச் சொன்னா: "விக்குத வண்டி எனக்கு வேண்டாம். நாளைக்கு ஓட்டிக் காட்டு. செரியாக்கித் தா. பின்ன வில பேசுவோம்."

இப்படி ஒரு பொம்பளைக்க மொவ பின்ன எப்படி இருப்பா.

ஜூன் 18, செவ்வாய்

மாமியும் சுபிதாவும் பின் சீட்டுல. வாங்குதவ பின்னால இருந்துதான் பாக்கணுமாம். தக்கலை போயி பத்மநாபபுரம் வர ஓட்டினேன். ஒம்பது எடத்துல விக்கிச்சு. ரெண்டு எடத்துல நின்னுது. நின்னப்போ எல்லாம் மாமி ஜன்னல் வழியா வாழையப் பாத்துக்கிட்டு இருந்தா.

திரும்பி வரும்போ சுபிதா முன்னால குனிஞ்சா.

"அத்தான், நீங்க கவனிச்சியளா? ஏத்தத்துல ஒரு எடத்துலயும் விக்கல. சமத்துலதான் விக்குது."

வண்டிய ஓரமா நிறுத்தினேன். நிஜம்தான். ஏத்தத்துல ஜம்முன்னு இழுக்கு. சமமான நல்ல ரோட்டுல, ஆக்சிலேட்டர லேசா சவுட்டி ஒரே மாதிரி போகும்போதான் விக்கல். பெட்ரோல் கொறவுன்னா நேர் எதிரா, ஏத்தத்துலதான் விக்கியிருக்கணும்.

"நீ என்ன படிச்ச?"ன்னு கேட்டேன்.

"பி.காம். ஆனா அக்காகூட பதினஞ்சு வருசம் இந்த சீட்டுல இருந்திருக்கேன்."

ஏறும்போ இல்லாம சமத்துல மட்டும் மாறுதது என்ன?

ஜூன் 19, புதன்

கிடச்சுது.

சாப்பிட உக்காந்தப்போதான் புத்தியில பட்டுது. லேசா சவுட்டி ஓட்டும்போ எஞ்சின் காத்த நல்லா உறிஞ்சும். அந்த உறிஞ்சல் ஒரு குழாய் வழியா, பொறியப் பங்கு வைக்குத டிஸ்டிரிபியூட்டருக்குப் போயி, உள்ள இருக்க ஒரு சின்னத் தட்டத் திருப்பும். பொறி கொஞ்சம் முந்தி விழும், பெட்ரோல் மிச்சம். ஏத்தத்துல நல்லா சவுட்டினா உறிஞ்சல் கொறையும், தட்டு பழைய எடத்துக்கு வரும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல வெறும் காத்த வச்சு ஒருத்தன் இதச் செஞ்சிருக்கான். எத்தன வருசமா எத்தன ரோட்டுல திருப்பித் திருப்பி வேல செஞ்சிருக்கு. கையெடுத்துக் கும்பிடலாம்.

அந்தத் தட்டுக்கு ஒரு சின்ன வயர் போவுது. தட்டு திரும்பினா வயரும் கூட இழுபடும். நான் மீட்டர் வச்சப்போ எல்லாம் தட்டு அசையாம இருந்துது. எப்படித் தெரியும்?

சாயந்திரம் மாமியும் சுபிதாவும் வந்தாங்க. மீட்டர அந்த வயருல மாட்டி மாமி கையில குடுத்து, சத்தம் நின்னா சொல்லணும்னேன். குழாயக் கழட்டி வாயில வச்சு உறிஞ்சினேன்.

"இளநி குடிக்கியா மக்கா?"ன்னா மாமி.

மக்கான்னு கூப்பிட்டா. ஞாயித்துக்கெழம விட்டுப்போன வார்த்த.

பீப்... நின்னுது. விட்டேன், திரும்ப பீப். உறிஞ்சினேன், நின்னுது. மாமி மீட்டரையும் எனக்க வாயையும் மாறி மாறிப் பாத்தா. பின்ன அவளே, "இன்னும் ஒரு தடவ செய்யி"ன்னா. அஞ்சாறு தடவ செய்ய வச்சா.

வயரக் கழட்டிப் பாத்தா மேல ரப்பரு முழுசா இருக்கு. உள்ள செம்பு இழ எல்லாம் அத்துப்போச்சு. சுபிதா, "வெளிய நல்லா இருந்துக்கிட்டு உள்ள..."ன்னு எதோ தொடங்கினா. வேண்டாம்னேன். வயர் வயர்தான்.

ஜூன் 20, வியாழன்

நல்ல தொவளுத வயரா வாங்கி, அளவு வெட்டி, ஈயம் வச்சு மாட்டினேன். அவங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு நேரே கன்னியாகுமரி வர விட்டேன். நீளமான ரோடு, ரெண்டு பக்கமும் வயலு. நாப்பது, அம்பது. ஒரே சத்தம். ஒரு பிசிறு இல்ல.

இனி என்ன எழுதன்னு தெரியல்ல. எழுதவே கூச்சமா இருக்கு.

வண்டி அவ்வளவு நல்லா ஓடிச்சு. அவ ஓட்டும்போ இப்படித்தான் ஓடியிருக்கும். அத அவகிட்ட சொல்லணும்னு வாயெடுத்தேன், எடது பக்கம் திரும்பியாச்சு. சீட்டு காலி. ஓரமா நிறுத்திட்டேன். அடக்கத்துக்கு வராத அழுக. விக்கி விக்கி, சின்னப் பிள்ள மாதிரி. நிக்கவே இல்ல.

சுபிதா வெளிய பாத்துக்கிட்டு இருந்திருக்கா போல. "என்னத்தான், திரும்பவும் விக்குதா?"ன்னா.

"வண்டி இல்லட்டி," மாமி சொன்னா. "பேசாம இரி."

யாரும் என்னத் தொடல்ல. மாமி எறங்கிச் சுத்தி வந்து முன் சீட்டுல ஏறினா. கதவ மெதுவாச் சாத்தினா. பின்ன, "வில சொல்லுதியா?"ன்னு கேட்டா.

"விக்கல மாமி."

"செரி. அப்போ எடு."

ஜூன் 21, வெள்ளி

கிருஷ்ணமணி அண்ணனுக்குப் போன் செஞ்சு விவரம் சொன்னேன். "நல்லதாப் போச்சு தம்பி"ன்னாரு. ஏமாத்தம் இருந்திருக்கும், காட்டிக்கல்ல. ஒரு நாளு வாங்க, ஓட்டிப் பாருங்கன்னேன். "நான் பாக்கத்தான் லாயக்கு"ன்னாரு.

ஜூன் 25, செவ்வாய்

மழ. வண்டி எடுக்கல்ல. மாமி மீன்கொழம்பு குடுத்துவிட்டா. தின்னேன். இன்னும் கொஞ்சம் இருந்தா கொள்ளாம்னு இருந்துது.

ஜூன் 30, ஞாயிறு

மாமியையும் சுபிதாவையும் வண்டியில சபைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

கேட்டுக்குள்ள ரிவர்சுல ஏத்தினாத்தான் பின்ன வெளிய எடுக்க லேசு. ரெண்டு பக்கமும் ஒரு சாண் எடம்கூட இல்ல. ரெண்டு தடவ தப்பா ஏத்தி ரெண்டு தடவ வெளிய எடுத்தேன். உள்ள பாட்டு தொடங்கியாச்சு. மாமி கதவத் தொறந்து எறங்கினா. வேதப்புஸ்தகத்தக் கக்கத்துல இடுக்கி, சேலைய ஒரு கையில தூக்கிப் பிடிச்சு வண்டிக்குப் பொறத்தால போயி நின்னா.

"வலத்த ஒடி மக்கா. இன்னும் ஒடி. போதும். இனி நேரே வா, பைய."

அவளுக்க சத்தம் பாட்டுக்கு மேல கேட்டுது. ஜன்னல் வழியா நாலஞ்சு பேரு எட்டிப் பாத்தாங்க.

எறங்கி, பிரீனா எத்தன எடுப்புல ஏத்துவான்னு கேட்டேன்.

"ஒண்ணுல. கண்ணாடியக்கூட பாக்கமாட்டா." மாமி மூச்சு வாங்கினா. "அவளுக்கு ஒரு நாளும் நான் கை காட்டினதில்ல. ஒனக்கு ஆளு வேணும்."

ஆமான்னு சொன்னேன். அடுத்த ஞாயிறு ஒரு கால் மணிக்கூறு முன்னாலேயே எறங்கணும்.