பூந்தொட்டிக்கு ஒரு பட்டம்

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகளின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். அப்பா, முழங்கால் வீக்கம் வடிந்ததா? மாடிப்படி ஏறவே ஏறாதீர்கள்.

தங்கச்சியும் என்னைப் போல லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஆகப் போகிறாளாமே? முதலில் அவளை இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் எங்கள் மேனேஜர் கல்லூரிப் பிள்ளைகளை ஆபீசுக்கு வரவழைத்து, பூங்கா வடிவமைப்பு, நகரமைப்பு, நில அளவை என்று எதிலும் வேலைக்குப் பஞ்சமே இல்லை என அளந்துவிட்டார். நகரமைப்புப் பிரிவில் பாதிப் பேரைச் சமீபத்தில்தான் வீட்டுக்கு அனுப்பிய மகானுபாவர் இவர். சாட்சிக்கு என்னை மேடையில் உட்கார வைத்திருந்தார்.

ஒரு பெண் எழுந்து, "அக்கா, நீங்க எந்தப் பார்க்கை டிசைன் பண்ணீங்க?" என்றாள்.

"பார்க்கா? வந்ததிலிருந்து லிப்ட் பக்கத்துல வைக்கிற தொட்டிக்குக் கலர் பார்த்துட்டு இருக்கேன்மா. செடிகூட பிளாஸ்டிக்தான்" என்றேன்.

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாளே என்னை வெயிலில் நிலம் அளக்கிற சர்வேயருக்கு அளவுக் கம்பு பிடிக்க அனுப்பிவிட்டார். இது தண்டனையாம், பெரிய சூரப்புலி! அந்தச் சர்வேயரையாவது மற்ற கம்பெனிகள் வா வா என்கின்றன. என் பட்டத்தை இங்கே எவன் சீந்துகிறான்? தங்கச்சி சர்வே படிக்கட்டும்.

கவலைப்படாதீர்கள், கொஞ்சம் கருத்திருக்கிறேன், அவ்வளவுதான். வெயிலுக்குத் தலையில் சுற்றிக்கொள்ள அம்மா கட்டிய பழைய புடவை ஒன்று அனுப்புங்கள். வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன். புடவையைத் துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் மூத்தவள்