காற்று நின்றதும் கதவைத் திறந்தேன்

தாம்பரம் மேற்கு,
வியாழக்கிழமை

சௌபாக்கியவதி வேதாவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். மற்ற நாட்களில் இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், இந்தத் தடவை யோசித்து, உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன், ஒரு கீறல்கூட இல்லாமல் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை கிட்டுவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மெட்ராஸில் புயல் என்று ரேடியோவில் கேட்டுவிட்டு நீ ஜாம்ஷெட்பூரில் உட்கார்ந்து என்ன பாடு பட்டிருப்பாய் என்று தெரியும். அப்பா மூன்று நாளாக டிரங்க் கால் போடத் தபாலாபீசுக்கு நடக்கிறார், லைன் இல்லை, தந்தியும் போகாதாம். இன்றைக்குத்தான் தபால் பை ரயில் ஏறுகிறது என்று சொன்னார்கள், அதனால் அடுப்பில் உலை வைத்துவிட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் பெரிய சேதம் ஒன்றும் இல்லை. முருங்கை மரம் விழுந்தது, அது சும்மா அண்ணாந்து பார்த்தாலே விழுகிற மரம். டெலிவிஷன் ஆன்டெனா கழுத்து முறிந்து தொங்குகிறது. துவைக்கிற கல்லுக்கு மேலே போட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் தகடு பறந்து அடுத்த வீட்டுக் காமு மாமியின் கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டது, மாமி அதன் மேல் துணி காயப் போட்டிருக்கிறாள், கேட்டால் புயல் தனக்குக் கொடுத்தது என்கிறாள். போகட்டும், வைத்துக்கொள்ளட்டும். நான் சொல்ல வந்த சங்கதி வேறு. மூன்று நாளாக யாரிடமாவது முழுசாகச் சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, அப்பாவிடம் சொன்னால் நானும் அங்கேதானே இருந்தேன் என்கிறார்.

போன வெள்ளிக்கிழமை காலை கடலில் புயல் உருவாகியிருப்பதாக ரேடியோவில் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் புயலுக்கு அரைப் பக்கம்தான் இருக்கிறது, அதையும் நான் வருஷா வருஷம் வாசித்துக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இந்த வருஷம் புயலே வாசலில் வந்து நிற்கும்போது அரைப் பக்கம் போதுமா? நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஏரிக்கரைக் குடிசைகளில் இருப்பவர்கள், உனக்குத் தெரியாததல்ல. சத்துணவுக் கூடத்திலிருந்து சாம்பார் வைக்கிற அகலமான அலுமினியப் பாத்திரத்தைக் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி, வேப்பிலைகளைக் கிள்ளிப் போட்டு, கரண்டிக் காம்பால் வேகமாகச் சுற்றிவிட்டேன். இதுதான் புயல், இலையெல்லாம் நம் வீடு, மாடு, மரம் என்று சொன்னதும் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி விழுந்து பார்த்தார்கள். அப்புறம் என் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, எதையும் ராகம் போட்டு ஒப்பிக்க வைத்தால்தான் எனக்குத் திருப்தி. அங்கேயே நாலு வரி கட்டினேன். காத்தடிச்சா உள்ளே, காத்து நின்னா வெளியே, தண்ணி வந்தா மேட்டுலே, ஒயரு கெடந்தா தொடாதே. இரண்டாவது வரியை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்து எழுதவில்லை வேதா. முதல் வரி தனியாக நொண்டியது, பக்கத்தில் ஒன்று இருந்தால் ஓசை நன்றாக வரும் என்று சேர்த்தேன், அவ்வளவுதான்.

பிள்ளைகள் பாட்டில் மூழ்கியிருந்தபோது மூன்றாவது வரிசையிலிருந்து செல்லியம்மாள் எழுந்தாள். எருமை வைத்துப் பால் ஊற்றுகிற தனக்கோடியின் மகள், பத்து வயசு, குச்சி மாதிரி இருப்பாள், கண் மட்டும் பெரிசு. டீச்சர், ஓரத்துல கீற எலையெல்லாம் ஓடுது, நடுவுல கீறது மட்டும் இன்னாத்துக்கு சும்மா நின்னுகினு கீது என்று கேட்டாள். எட்டிப் பார்த்தேன். ஆமாம், ஓர் இலை நடுவில் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல முப்பது வருஷப் பழக்கம் விடவில்லை. இலை எங்கே நின்றால் உனக்கென்ன, உட்கார், சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல் என்று அதட்டிவிட்டேன். அவளும் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து கத்தினாள். சாயங்காலத்துக்குள் ஏரிக்கரை முழுக்க அந்தப் பாட்டுதான், கயிறு தாண்டும் பெண்கள் வாயிலும் அதுதான். எனக்கு ஒரே பெருமை.

திங்கட்கிழமை விடிந்ததிலிருந்தே வடக்கேயிருந்து காற்று. குடிசை ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் வைக்க வேண்டும் என்று ஊரிலிருந்து ஆள் வந்தது. தலைமையாசிரியர் ஜெபசீலன் ஐயா சிங்கப்பெருமாள் கோவிலில் இருக்கிறார், ரயில் நின்றுவிட்டது, சாவி என்னிடம். சாவியை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. அப்பாவும் குடை வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்ல எடுத்துக்கொண்டு வந்தார், தெரு முனை தாண்டுவதற்குள் குடை நம் ஆஸ்பெஸ்டாஸ் தகடு போன வழியே போய்விட்டது. பெரிய ஹாலில் முப்பது குடும்பம், ஆடு, கோழி, மூட்டை முடிச்சு. வந்த பிள்ளைகள் நாற்பத்தொரு பேரையும் அப்பா வருகைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பத்து மணிக்கெல்லாம் காற்று போட்ட சத்தம் இருக்கிறதே, பக்கத்தில் இருப்பவர் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சுக் கேட்காது. வடக்குப் பக்கத்து ஜன்னல் ஒன்று சட்டத்தோடு பிய்ந்தது, கரும்பலகையைத் தூக்கி அடைத்தோம். யாரோ வீட்டுக் கொட்டகை ஓடுகள் தெருவில் பறந்து போய் உடைவதைப் பார்த்தேன். பயம்தான், பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒரு குதூகலமும் இருந்தது, இந்த வயசில் அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

பன்னிரண்டு மணி இருக்கும், விசிறியை நிறுத்தினாற்போல் காற்று நின்றுவிட்டது. மழையும் இல்லை. வானம் வெளுத்து, லேசாக வெயில்கூட அடித்தது. எங்கேயோ ஒரு காக்கை கத்துவது கேட்டது. அப்பாடா என்று எல்லோரும் எழுந்தார்கள். சாவி என் இடுப்பில். நான்தான் கதவைத் திறந்தேன் வேதா. திறந்தது மட்டுமா, பிள்ளைகளைப் பார்த்து, ம், சொல்லுங்கள் என்று கையைத் தட்டினேன். காத்து நின்னா வெளியே என்று கூரை அதிரக் கத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடினார்கள். அவர்கள் பின்னால் பெரியவர்களும் போனார்கள், குடிசை நிற்கிறதா என்று பார்க்கச் சிலர், முறிந்து கிடந்த கிளைகளை அடுத்தவர் எடுப்பதற்குள் விறகுக்கு இழுத்துக்கொண்டு வரச் சிலர். ஏரிக்கரையில் அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் திருவிழாக் கூட்டம்.

செல்லி மட்டும் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏண்டி, நீ போகவில்லையா என்றேன். இது நடு டீச்சர், அந்த எலை மாரி நாம நடுவுல கீறோம், பாக்கிப் பாதி பின்னால வருது, வந்தா அந்தாண்டேருந்து வரும் என்று தெற்கே கையைக் காட்டினாள். பாத்திரம் கண் முன்னால் வந்தது, ஒரு பக்கத்து இலை போகிற திசைக்கு எதிர்ப்பக்கத்து இலை நேர் எதிராக ஓடியதும் வந்தது. அவள் சொல்வது சரியா தப்பா என்று நின்று யோசிக்க நேரமில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பியது நான், பாட்டுக் கட்டி அனுப்பியது நான்.

ஓடிப் போய் மணியை அடித்தேன், அந்தத் தண்டவாளத் துண்டுதான், இன்னும் அதேதான் தொங்குகிறது. மணி அடித்தால் சாப்பாடு என்று பாதிப் பிள்ளைகள் திரும்பி ஓடி வந்தார்கள், ஒருவன் எங்கிருந்தோ தட்டோடு வந்தான், சத்துணவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அப்பா வாசலில் நின்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு ஒவ்வொருவராக உள்ளே தள்ளினார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு செல்லியையும் இழுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு ஓடினேன். உள்ளே வாருங்கள், இன்னும் காற்று இருக்கிறது என்று கத்தினால் யார் கேட்கிறார்கள்? செல்லியின் அம்மா பச்சையம்மா ஒரு பெரிய கிளையை இழுத்துக்கொண்டிருந்தாள், இன்னா டீச்சர், நின்னா வெளியன்னு நீதான பாட்டு கத்துக் குட்த்தே, இப்ப நீயே வந்து உள்ளன்றே என்று சிரித்தாள். அவள் கேட்டது நியாயம்தானே. நடு ரோட்டில் நின்று, தப்பு, நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், உன் பெண் சொல்வதுதான் சரி, என் பேச்சைக் கேட்காதே, அவள் பேச்சைக் கேள் என்று கத்தினேன். வேதா, அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே எனக்கு ஆச்சரியம். பச்சையம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். கிளையைக் கீழே போட்டாள். அவள் போட்டதும் மற்றவர்களும் போட்டார்கள். அதற்குள் வெளியே இருந்த பிள்ளைகளே பாட்டை மாற்றிவிட்டார்கள், காத்து நின்னாலும் உள்ளே, காத்து நின்னாலும் உள்ளே என்று வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களின் வேட்டியையும் புடவையையும் பிடித்து இழுத்தார்கள். ஓசை கொஞ்சம்கூட ஒட்டவில்லை, ஆனால் அதைப் போல இனிமையான பாட்டை நான் கேட்டதே இல்லை.

எல்லோரும் வந்தாயிற்று, தனக்கோடி வரவில்லை. எருமையை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். வானம் வெளுத்துப் பூட்ச்சி, நீ போ டீச்சர், நா அப்பால வரேன் என்றான். தெற்கே பார்த்தேன், அந்தப் பக்கத்து வானம் கறுத்து எழும்பிக்கொண்டிருந்தது. செல்லி, தன் அப்பாவை விட்டு வர மாட்டேன் என்று காலை ஊன்றிவிட்டாள். எருமையையும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு வா, நாலாம் வகுப்பில் கட்டு என்றேன். நெசமாவா என்றான். ஜெபசீலன் ஐயா கேட்டால் நான் பதில் சொல்கிறேன், ஓடு என்றேன். எருமை என்னைவிட வேகமாக ஓடியது. நாங்கள் உள்ளே நுழைந்து, செல்லி காட்டிய தெற்குப் பக்கத்தை விட்டு எல்லோரையும் வடக்குச் சுவர் ஓரமாக நகர்த்தி, கதவுக்கு மேசையை முட்டுக் கொடுத்தோம். அப்பா பதிவேட்டைப் பார்த்து நாற்பத்தொன்றும் சரி என்று சொல்லி வாயை மூடவில்லை, தெற்கேயிருந்து இடித்தது பார், காலையில் அடித்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அடுத்த ஒரு மணி நேரம் நான் முருகனைத் தவிர வேறு ஒன்றையும் நினைக்கவில்லை.

சாயங்காலம் வெளியே வந்து பார்த்தால் தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, ஜனங்கள் விறகு பொறுக்கிய அதே இடத்தில் கிடக்கிறது. ஏரிக்கரையில் ஒரு குடிசைக்குக்கூடக் கூரை இல்லை. தனக்கோடியின் கொட்டகை இருந்த இடமே தெரியவில்லை. பச்சையம்மா மரத்தைப் பார்த்தாள், மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள், நானும் அழுதேன். பாதிப் பேர் இன்னும் சத்துணவுக் கூடத்தில்தான் இருக்கிறார்கள். கிட்டுவுக்குச் சின்னதாகிப்போன சட்டைகள், உன் பழைய புடவைகள் இருந்தால் மறக்காமல் பார்சல் போடு, குளிருக்குப் போர்வை இருந்தால் ரொம்ப நல்லது.

நேற்றுப் பள்ளிக்கூடம் திறந்தது. அதே பாத்திரத்தைக் கொண்டு வந்து செல்லியிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, நான் அவள் இடத்தில் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். என்னமாகச் சொன்னாள் தெரியுமா! நடுவில் ஏன் இலை நிற்கிறது என்று மட்டும் அவளுக்கும் தெரியாதாம், அதைத் தெரியாது என்று தயங்காமல் சொல்லிவிட்டாள். அப்புறம் வகுப்பையே கூட்டிக்கொண்டு போய் விழுந்த மரத்தையும் பிய்ந்த கூரைகளையும் பார்த்து, எந்தத் திசையில் சாய்ந்தது, எது காலைக் காற்று, எது மத்தியானக் காற்று என்று பிள்ளைகளே எழுதினார்கள். பிள்ளைகள் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டால் நாளைக்கு மதிப்பார்களா டீச்சர் என்று ஜெபசீலன் ஐயா கவலைப்பட்டார், எருமைச் சாணியைப் பற்றி அதைவிட அதிகமாகக் கவலைப்பட்டார். மதிக்கிறார்களோ இல்லையோ, நேற்றிலிருந்து கேள்வி கேட்டே என்னைக் கொல்கிறார்கள். நடுவில் நிற்பதைப் புயலின் கண் என்பார்கள், பேப்பரில் எப்போதோ படித்திருக்கிறேன் என்று அப்பா இப்போது சொல்கிறார். அதை வெள்ளிக்கிழமையே சொல்வதற்கென்ன என்று கேட்டதற்கு, நீ கேட்கவில்லையே என்கிறார்.

கண்ணே, ராத்திரியெல்லாம் எனக்கு உன் நினைப்புதான். நீயும் என்னிடம்தான் ஐந்தாம் வகுப்புப் படித்தாய். யார் கேட்டாலும் பதில் சொல்வேன், நீ கையைத் தூக்கினால் மட்டும் டீச்சர் பெண்ணுக்குத் தனிச் சலுகை என்று பேசுவார்களே என்று, உட்கார், வீட்டில் கேள் என்பேன். வீட்டுக்கு வந்தால் அடுப்பு, பாத்திரம், பரீட்சை பேப்பர், ஒரு நாளும் உன்னிடம் என்ன கேட்க வந்தாய் என்று நான் கேட்டதில்லை. தை மாசத்துக்குள் கையைத் தூக்குவதையே நீ விட்டுவிட்டாய். பெண் சமத்தாகிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். அது தப்பு வேதா. ஏரிக்கரையில் சொன்னதைவிட உன்னிடம் இதைச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது. அப்போது கேட்க நினைத்தது ஒன்றாவது ஞாபகம் இருந்தால் எழுது. தெரிந்தால் பதில் போடுகிறேன், தெரியாவிட்டால் செல்லியைக் கேட்டாவது எழுதுகிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள், கிட்டுவுக்கு முத்தங்கள். தீர்க்காயுசாக, நிறைவாக இருங்கள். உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது, பார்சலை மறக்காதே.

இப்படிக்கு, உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
அபிதகுஜாம்பாள்