என் முகத்துக்குத் திறந்த லேப்டாப்

அப்பாவுக்கு ராதிகா வணக்கத்தோட எழுதறது. முட்டி வலி கம்மியாச்சா? வெள்ளிமலையில எனக்கு வேலை நல்லா போவுது. சிக்னல்தான் இல்ல, அதான் கடிதம்.

நேத்து லேப்டாப் வாங்கக் கள்ளக்குறிச்சிக்கு எறங்கினேன். புது ப்ராசஸர் போட்டது தை மாசம் வருதாம். அவசரம்னா இதை எடுத்துக்குங்கன்னு கடைக்காரர் ஒரு பழைய லேப்டாப்பை நீட்டினார். மூடியைத் தூக்கினேன். கேமரா என் முகத்தைப் பார்த்துது. "வெல்கம் ஷாலினி"ன்னு திரை தானா திறந்துக்கிச்சு.

கடைக்காரர் என்னையே பார்த்துக்கினு நின்னார். "அந்தப் பொண்ணு முகத்துக்குத்தாங்க இது திறக்கும். அது போன வருஷம் செத்துப்போச்சு"ன்னார்.

பயப்படாதீங்க, ஒரே சாயல்ல ஆளுங்க இருக்கறதுதான். தை வரைக்கும் பொறுத்து புதுசே வாங்கிக்கறேன். எலுமிச்சை ஊறுகா கொஞ்சம் குடுத்தனுப்புங்க.

பஸ் கிளம்பப் போவுது, இந்தக் கடிதத்தை டிரைவர்கிட்ட குடுத்தாகணும். ஞாயித்துக்கிழமை கீழ வந்து போன் பண்றேன். அப்ப பாப்பான்னு கூப்பிடாதீங்கப்பா, ராதிகான்னு பேர் சொல்லிக் கூப்பிடுங்க.