விழுவதற்கென்று ஒரு சுவர்

சுவா,
மார்ச் 9

அன்பு மகன் எமோரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். பழம் பறிக்க ஆள் அனுப்பும் ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி உன் ஆஸ்திரேலியா விலாசத்தை வாங்கினேன். போனை எடுக்க மாட்டேன் என்று நீ அடம்பிடித்தால், எழுதுவேன் என்று நானும் அடம்பிடிப்பேன். இன்ஜினியரிங் படித்த கை ஆப்பிள் பறிக்கிறது. ஒரு கடிதத்தைப் பிரிக்க அதற்கு வலிக்காது.

இங்கே மழை விடவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து சேப்பங்கிழங்கு அவித்தேன். எத்தனை அளந்து போட்டாலும் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது. மிச்சத்தைத் திங்களும் தின்றேன். பேச ஆளில்லாமல் ரேடியோவோடு சண்டை போடுகிறேன்.

பல்கலைக்கழகத்தில் ஒரு புதுச் செய்தி. எங்கள் கான்கிரீட் ஆய்வகத்துக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில், மாணவர்கள் தங்கள் கையால் செய்து படிக்கத் திறந்தவெளிக் களம் ஒன்று திட்டமிடுகிறார்கள். கழற்றி மாட்டும் பாலம், தண்ணீர் ஓடும் வாய்க்கால், மண்ணைத் தோண்டிப் பார்க்கும் குழி. ஆய்வகத்தில் வேலை செய்பவள் என்று கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு மாணவி எழுந்து, "நிக்கிறதையே காட்டுறீங்க. விழுறத எப்பத்தான் காட்டுவீங்க?" என்றாள். துறைத் தலைவி லவேனியாவுக்கு அது பிடித்துப்போயிற்று. மழைக்காலத்தில் வேண்டுமென்றே சரியவிட்டு, திரும்பக் கட்டிப் பழக, மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர் ஒன்றை இடுப்பளவுக்கு வைக்கலாம் என்றாள். விழுந்த சுவர்களில் எதைப் பார்த்து வரைவது என்று பேச்சு வந்ததும் எல்லோரும் மேசையையே பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "என் மகன் கட்டின சுவருன்னு வாயத் தொறந்து சொல்லுங்களேன்!" என்றேன்.

ஆமாம், வைநிவுலா பள்ளிக்கூடச் சுவர்தான். பள்ளி திறக்கும் அவசரத்தில், தண்ணீர் வடியும் துளைகள் வைக்காமல் நீ முடித்துக் கொடுத்தது. விடுமுறையில் விழுந்ததால் ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. அதற்கு இன்றும் முழங்கால் போட்டு நன்றி சொல்கிறேன்.

ஊரார் சம்மதமில்லாமல் வரையக் கூடாது என்று, முறைப்படி காணிக்கை வைக்க யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு நானே வைநிவுலாவுக்குப் போனேன். பாயில் உட்கார்ந்து, அதை முன்னே வைத்து, உனக்காக மன்னிப்பும் கேட்டேன். ஊர்த் தலைவர் வைசாகே அதைத் தொடவில்லை. "சுவர் விழுந்ததுக்குக் கோவமில்லம்மா, திரும்பக் கட்டியாச்சு. மூணு மாசம் எங்க வீட்ல தின்னு தூங்குனவன், ஒரு வார்த்தை சொல்லாம ஓடிட்டானே, அதான் வலிக்குது. அவன் வந்து அவன் கையால வைக்கட்டும். அப்ப வாங்கிக்கிறோம், சுவரையும் வரைஞ்சுக்கோங்க" என்றார். அவர் மனைவி மட்டும் வாசல்வரை வந்து, "பையன் ஒழுங்கா சாப்பிடுறானா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. நன்றாகச் சாப்பிடுகிறான் என்று பொய் சொல்லிவிட்டு, பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

மாதக் கடைசியில் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் ஊர் சம்மதம் வராவிட்டால் வேறு சுவர்தான். "மனசப் போட்டு வருத்திக்காதீங்க அக்கா, சுவருக்கா பஞ்சம்?" என்றாள் லவேனியா. பஞ்சமில்லைதான். ஆனால் உன் பெயர் வந்தாலே இங்கே எல்லோரும், செத்தவன் பெயரைக் கேட்டதுபோல வாயை மூடிக்கொள்கிறார்கள். எனக்கு அது தாங்கவில்லையடா. இங்கே எமோரி தவறு செய்தார், இப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று பிள்ளைகள் உன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஏணியில் பார்த்து ஏறு. குளிரில் காதை மூடிக்கொள். கர்த்தர் உன்னைக் காப்பாராக.

மாதம் முடிவதற்குள் வந்துவிடு, கண்ணா. அந்தப் பாயில் தனியாக உட்கார வேண்டுமே என்று பயப்படாதே. நானும் பக்கத்தில் உட்காருகிறேன். குனிகிற தலை இரண்டாக இருக்கட்டும்.

உன் அம்மா,
வசிதி