சூடாகாத வண்டி

டிசம்பர் 8, திங்கள்

விடியும்போதே தூறல். துணி காயவில்லை. அரைத்த மாவு புளிக்கவில்லை.

எங்கள் கார் புகை டெஸ்ட்டில் ஃபெயில். சைலன்சருக்குள் குழாயை விட்டவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "பாதி பெட்ரோலு எரியாமலே வெளிய வருதுக்கா. இத்த வெச்சிக்கினு எப்டி சர்டிபிகேட் தர்றது?" பின்னால் நின்ற ஆட்டோக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். அவர் வண்டி மட்டும் என்னவாம், சந்தனமா மணக்கிறது?

வண்டிக்கு இந்த மாதத்தோடு பதினைந்து வருஷம் முடிகிறது. புகை சர்டிபிகேட் இல்லாமல் ஆர்.சி. புதுப்பிக்க மாட்டார்கள். ஆர்.சி. இல்லாமல் ரோட்டில் எடுக்க முடியாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சேகருக்குப் போன் போட்டுவிட்டார். சேகர் இவருடைய சிநேகிதர். பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டி இழுத்துக்கொண்டு போகிறாராம். "பேஜாரு புடிச்ச வண்டி. எத்தினி வாட்டி மெக்கானிக்கு பாபுகிட்ட உட்டாச்சி. போவுது உடு" என்கிறார் இவர்.

இவருக்கென்ன, கடை நாலு தெரு தள்ளி. எனக்குக் கும்மிடிப்பூண்டி. கம்பெனி மெஷின்களையெல்லாம் காக்களூரிலிருந்து அங்கே மாற்றியதிலிருந்து முதல் ஷிப்ட் காலை ஆறு மணிக்கு. அந்த நேரத்துக்கு மணவாள நகரிலிருந்து எந்த பஸ்ஸும் கொண்டுபோய்ச் சேர்க்காது. வண்டி இருந்ததால்தான் ஷிப்ட் இன்சார்ஜ் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனியில் ஒரு பொம்பளை இன்சார்ஜ் ஆனது இதுதான் முதல் தடவை. வண்டி போனால் மறுபடி காக்களூர், பேக்கிங் டேபிள். பாட்டில் மூடியை எண்ணி அட்டைப்பெட்டியில் போட வேண்டியது.

மாட்டேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை இல்லை. நல்ல குளிர். தனம் அக்கா ஸ்வெட்டர், மப்ளர் சகிதம் பெரியபாளையத்தில் ஏறினாள். என்னோடு மோல்டிங்கில், அதாவது மூடி வார்க்கும் பிரிவில், வேலை செய்கிறவள், என் வண்டியில்தான் வருவாள். ஏறினவுடனே கண்ணாடியை இறக்கிவிட்டாள். "பெட்ரோல் நாத்தம் தாங்கல நைனா. குளுருல சாவறதா, நாத்தத்துல சாவறதா?" நான் ஆம்பளையா இவள் நைனா என்று கூப்பிட? கேட்டால், வண்டி ஓட்டுகிறவர் எல்லாருமே நைனாதானாம்.

வண்டியின் நோய்:
- கருப்புப் புகை. ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் இல்லை, எப்போதும்.
- பிளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரி.
- மைலேஜ் பாதி. பங்க்காரர் என்னைக் கண்டாலே சிரிக்கிறார்.
- சிக்னலில் நின்றால் உறுமல், நடுக்கம்.

மெக்கானிக் பாபு அண்ணன் இதுவரை மாற்றியது: பிளக், ஏர் ஃபில்டர், சைலன்சர் பக்கத்து சென்சார். ஒன்றுக்கும் மசியவில்லை.

சாயங்காலம் மறுபடி அவர் ஷெட். டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு சின்ன டப்பாவைச் சொருகி போனில் பார்த்தார். எஞ்சின் தண்ணீரின் சூடு ஐம்பத்துச் சொச்சம் என்று காட்டியது. கும்மிடிப்பூண்டியிலிருந்து நிறுத்தாமல் ஓட்டி வந்த வண்டி. எண்பதுக்கு மேல் இருக்க வேண்டுமாம்.

"ஹீட்டு சென்சாரு புட்டுக்கிச்சிம்மா. எஞ்சினு சில்லுனு கீதுன்னு கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லுது. அது பயந்துக்கினு பெட்ரோல ஊத்திக்கினே கீது."

கேட்கும்போது எவ்வளவு பொருத்தமாக இருந்தது! எதிர்க் கடையில் புது சென்சார் வாங்கி அங்கேயே மாட்டினார். ஒரு ரவுண்டு போய் வந்தோம். டப்பாவைச் சொருகினார்.

ஐம்பத்துச் சொச்சம்.

"இதுவும் டூப்ளிகேட்டா இருக்கும்" என்றார் பாபு அண்ணன். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ராத்திரி தோசை வார்க்கும்போதெல்லாம் அதே யோசனை. இரண்டு கருப்பு தோசை. இவர் இரண்டையும் ரசித்துச் சாப்பிட்டார். வண்டி போகிறது என்ற சந்தோஷம்.

டிசம்பர் 10, புதன்

பனி. ரோடே தெரியவில்லை.

மூன்றாம் நம்பர் மெஷினில் மூடிகள் பாதி பாதியாக விழுந்தன. அச்சு சூடேறவில்லை. ஆபரேட்டர் வழக்கம்போல், "மேடம், சென்சாரு போச்சி, மாத்தணும்" என்றார். எனக்கு நேற்றைய சாயங்காலம் ஞாபகம் வந்தது. நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டு அச்சின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சென்சார் சொன்னது சரிதான். அச்சு உண்மையிலேயே ஆறிக் கிடந்தது. குளிர்த் தண்ணீர் வால்வை யாரோ முழுசாகத் திறந்து விட்டிருந்தார்கள். வால்வைக் கொஞ்சம் மூடியதும் மூடி முழுசாக விழ ஆரம்பித்தது.

அப்படியே நின்றுவிட்டேன். தனம் அக்கா, "இன்னா ஈஸ்வரி, கரண்ட் அட்ச்ச மாறி நிக்கற?" என்று கேட்டாள்.

இரண்டு சென்சாரும் சேர்ந்துகொண்டு ஒரே பொய்யையா சொல்லும்? பொய்யே இல்லை. வண்டி நிஜமாகவே சூடாகவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் எளாவூர் வரை ஹைவேயில் ஒரு விரட்டு விரட்டிவிட்டுத் திரும்பி, லாரிகளுக்கு நடுவே ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டருக்குப் போகிற மேல் ரப்பர் ஓஸைக் கையால் பிடித்தேன். சுட வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டலாம், அந்தச் சூடுதான். அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பினேன். ஸ்டார்ட் கூடப் பண்ணவில்லை, ரேடியேட்டர் ஃபேன் விர்ரென்று சுற்றியது. எஞ்சின் சூடேறினால்தானே ஃபேன் ஓட வேண்டும்? இந்தப் பனியில் யாருக்குக் காற்று வீசுகிறது?

ஒரு லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஹீட் ஆயிடுச்சாம்மா? தண்ணி ஊத்தட்டா?"

"ஹீட் ஆவலண்ணா. அதான் பிரச்சன."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

டேஷ்போர்டில் சூடு காட்டுகிற முள் எட்டு மாதமாக அடியிலேயே படுத்துக் கிடக்கிறது. நாங்கள் எல்லாரும் அதை நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இவர் அதைக் காட்டி ஊரெல்லாம் பெருமையடித்தார், "கத்திரி வெயில்லயும் என் வண்டி ஹீட்டே ஆவாது" என்று.

டிசம்பர் 11, வியாழன்

யாரிடமும் சொல்லவில்லை. மூடி பேக் பண்ணும் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, ரேடியேட்டருக்கு முன்னால் முக்கால் பங்கு மறைத்துக் கட்டினேன். ஃபேன் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். தனம் அக்கா முன் சீட்டில். அவளுக்கு ஒரே வேலை, முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதிக்கு மேல் போனால் கத்த வேண்டும்.

திரும்பி வரும் வழி முழுக்க அவள் ரோட்டைப் பார்க்கவே இல்லை. "எந்திரிச்சிது நைனா." கொஞ்ச தூரம் கழித்து, "ஏறுது." பெரியபாளையம் வருவதற்குள், "நடுவுல வந்து நின்னுகிச்சி. உசுரு வந்த மாறி கீது."

நிறுத்தி, இறங்கி, பின்னால் போய்ப் பார்த்தேன். புகை இல்லை. நிஜமாகவே இல்லை. கைக்குட்டையைச் சைலன்சர் வாயில் பிடித்தேன், ஈரம் மட்டும்தான். எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. தனம் அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டாள். அதற்கு மேல் எனக்கு என்ன சர்டிபிகேட் வேண்டும்? ரோட்டோரத்திலேயே நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது, எழுதுவதற்கென்ன.

நேரே பாபு அண்ணன் ஷெட். அட்டைப்பெட்டியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. "இன்னாம்மா, வண்டிக்கும் ஸ்வெட்டரு போட்டுட்டியா?"

"அண்ணா, எஞ்சினு சூடாவற வரைக்கும் தண்ணி ரேடியேட்டருக்குப் போவாம நிறுத்தி வெக்க ஒரு வால்வு இருக்கணுமே. எங்க அது?"

சிரிப்பு நின்றது. "தெர்மோஸ்டாட்டா? அத்த கழட்டிட்டேனே. சித்திரையில எளாவூர் செக்போஸ்ட்டு கிட்ட ஹீட் ஆயி நின்னியே, அப்பவே. ஃபேனையும் எப்பவும் சுத்தற மாறி டைரக்ட் பண்ணி உட்டேன். உனக்காகத்தாம்மா, காசுகூட வாங்கல."

"அத்த ஏங்கண்ணா கழட்டணும்?"

"நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு? நான் கை வெச்ச வண்டி ஒண்ணுலயும் அது இருக்காது. எங்க மேஸ்திரி காலத்துலேர்ந்து இதான் பழக்கம். அந்தக் காலத்து கார்புரேட்டர் வண்டியில இன்னா ஆச்சி? ஒண்ணும் ஆவல."

"அதுல கம்ப்யூட்டர் கெடயாதுண்ணா. இதுல இருக்கு. எஞ்சினு சில்லுனு இருந்தா அது பெட்ரோல கூட்டி உட்டுக்கினுதான் இருக்கும். சென்சாரு பொய் சொல்லல."

"வால்வு போட்டு, நாளைக்கி வெயில்ல எஞ்சினு ஜாமாயி சீஸ் ஆச்சின்னா எங்கிட்ட வந்து அழாத."

"அன்னிக்கி ஓஸ் வெடிச்சிதான தண்ணி கொட்டிச்சி? நீங்கதான் அந்த ஓஸ எங்கிட்ட காட்டினீங்க. வால்வு இன்னா பாவம் பண்ணிச்சி?"

ஸ்பானரைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. கடைசியில், "வாங்கியா, போட்டுப் பாப்போம்" என்றார்.

கெட்ட மனுஷர் இல்லை. நல்லது என்று நினைத்துத்தான் செய்தார், அதுவும் சும்மா. ஆனாலும் எட்டு மாதம்!

டிசம்பர் 12, வெள்ளி

லீவு சொல்லிவிட்டேன். பளிச்சென்று வெயில்.

பகல் பூராவும் ஷெட்டில். புது தெர்மோஸ்டாட் வைத்து, ஃபேனை மறுபடி பழையபடி ஹீட்டுக்கு ஓடுகிற மாதிரி இணைத்தாயிற்று. கரிந்த பிளக்குகளும் மாற்றினோம். பாபு அண்ணன் வண்டியை நின்ற இடத்தில் ஓடவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொண்டார். முள் ஏறியது, நடுவில் நின்றது, ஃபேன் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இரண்டு டீ குடித்தார்.

டெஸ்ட்டுக்கு அவரும் கூட வந்தார். குழாயை விட்டார்கள். பாஸ். அளவு வரம்புக்கு எவ்வளவோ கீழே. திங்களன்று இருந்த அதே ஆள்தான். நம்பாமல் குழாயை எடுத்து மறுபடி விட்டுப் பார்த்தார். மறுபடியும் பாஸ்.

"யாருக்கா வண்டி பாத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பாபு அண்ணன், "நாந்தான். இது தெர்மோஸ்டாட் மேட்டரு, எல்லாருக்கும் புடிபடாது" என்றார்.

வந்ததே கோபம். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன், பரீட்சையில் பாஸான முகம். விட்டுவிட்டேன். ஆனால் இங்கே விடமாட்டேன். கண்டுபிடித்தது நான். கையை வைத்துப் பார்த்தது நான். அட்டைப்பெட்டி கட்டியது நான். ஈஸ்வரி, மோல்டிங் ஷிப்ட் இன்சார்ஜ்.

இவரிடம் சர்டிபிகேட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நியூஸ் பார்த்துக்கொண்டே "ம்" என்றார். சேகரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேனே என்று மட்டும் ஒரு முனகல். எனக்குத் தூக்கம் வருமா என்று தெரியவில்லை.

டிசம்பர் 13, சனி

முழு நாள் வேலை. பஸ்ஸில் போய் ஒரு மணி நேரம் லேட், எல்லாரும் பார்த்தார்கள். நான் கிளம்புவதற்கு முன்பே வண்டியை இவர் எடுத்துக்கொண்டு போனார், எங்கே என்று சொல்லவில்லை. சேகர் வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டாரோ என்று பகல் முழுக்கத் திக்திக்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் நிற்கிறது. கழுவித் துடைத்து. பூண்டி ஏரிப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாராம். "சத்தமே இல்ல" என்றார். சேகருக்குக் கொடுக்கப்போகிறாரா என்று நான் கேட்கவில்லை. சண்டை போடத் தெம்பில்லை.

பால் பாக்கெட், வெங்காயம், கேஸ் புக் பண்ண வேண்டும்.

டிசம்பர் 14, ஞாயிறு

காலையிலேயே சேகர் வந்துவிட்டார். கயிறு, கூட ஒரு ஆள், இழுக்க ஒரு வண்டி. நான் அடுப்படியில். டீத்தூள் அதிகமாக விழுந்துவிட்டது. போய் மறித்துக்கொண்டு நிற்கலாமா என்று யோசித்தேன். ஜன்னல் வழியாகப் பேச்சுக் கேட்டது.

இவர்: "கயித்த உள்ள வெச்சிடு சேகரு. வண்டி குடுக்கறதா இல்ல."

சேகர்: "இன்னாப்பா, ஆள கூட்டிக்கினு வந்த பொறவு சொல்ற? புகையா கக்குதுன்னு நீதான சொன்ன?"

"கக்கிச்சி. இப்ப இல்ல. ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டா?"

ஸ்டார்ட் பண்ணும் சத்தம்.

சேகர்: "அட. பாபு பண்ணானா?"

"பாபுவா? எட்டு மாசமா தேடிக்கினு இருந்தான் அவன். எங்க ஊட்ல கண்டுபுடிச்சாங்க. கையால தொட்டுப் பாத்தே கண்டுபுடிச்சாங்க. கம்பெனியில அவங்கதான் இன்சார்ஜு, தெரியுமில்ல? காலையில ஆறு மணிக்கு அங்க இருக்கணும். வண்டி அவங்களுக்கு வேணும்பா."

டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். இன்னும் ஏதாவது சொல்கிறாரா என்று கேட்க.