இருபத்துநாலு வோல்ட் லாரி

சோளக்காடு
12-5-1966

அன்புள்ள அண்ணன் அப்புசாமி அவர்களுக்குத் தங்கை கருப்பாத்தாள் எழுதுவது. இங்கே நானும் லாரியும் சௌக்கியம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும்.

லாரியை விற்றுவிட்டு உங்கள் வீட்டோடு வந்துவிடும்படி எழுதியிருந்தீர்கள். உங்கள் மாப்பிள்ளை காய்ச்சலில் போய் வருஷம் திரும்பப் போகிறது. பட்டாள ஏலத்தில் அவர் ஆசைப்பட்டு எடுத்த வண்டி. விற்கமாட்டேன். டிரைவர் ராசப்பன் ஓட்டுகிறார், பக்கத்தில் நான் உட்கார்ந்து போகிறேன்.

போன வாரம் கீழே பேளுக்குறிச்சிச் சந்தைக்குத் திண்ணனூர் நாட்டு மலைச் சனம் தலைச்சுமையாகக் கொண்டுவந்த பலாப்பழத்தில் பாதி லாரியில் கொள்ளவில்லை. ரோட்டோரமே கிடந்து அழுகிவிட்டது. ஒரு கிழவர் வெறுங்கையோடு திரும்பி நடந்தார். அன்றே கீழே போய் ஒரு டிராக்டர்காரரிடம் இரண்டு சக்கர டிரெய்லர் வாங்கிவிட்டேன். பின்விளக்கு எரியாமல் மலையிறக்கக் கூடாது என்கிறார் இன்ஸ்பெக்டர். லாரியிலிருந்து ஒயர் இழுத்து மாட்டினால் பளீரென்று எரிந்து பல்பு போய்விடுகிறது. நாலு பல்பு போயிற்று. பட்டாள ஒர்க்‌ஷாப் எலக்ட்ரீசியன் எனக்கு அண்ணன். வேறு யாரைக் கேட்பேன்?

கருப்பாத்தாள்

*

பூனா
21-5-1966

கண்ணு கருப்பாத்தாளுக்கு அண்ணன் ஆசி.

கடிதம் படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒண்டியாக ஒரு பெண்பிள்ளை டிரைவரோடு லாரியில் உட்கார்ந்து மலை ஏறி இறங்கினால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அண்ணியும் அதையேதான் கேட்கிறாள். சேலத்தில் குப்புசாமி என்று ஒரு லாரி வியாபாரி இருக்கிறார். அவருக்கு எழுதிவிட்டேன், வந்து வண்டியைப் பார்ப்பார். ஆகஸ்டில் லீவில் வந்து உன்னைக் கூட்டிவருகிறேன்.

பல்பு ஏன் போகிறதென்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். சொன்னால் நீ டிரெய்லரைக் கட்டிவிடுவாய்.

அப்புசாமி

*

சோளக்காடு
7-6-1966

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

நீங்கள் சொல்லாவிட்டால் போகிறது. லாரி பல்பையும் டிரெய்லர் பல்பையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒன்றில் 24, மற்றதில் 12 என்று போட்டிருக்கிறது. பட்டாளத்து லாரியில் இரண்டு பேட்டரி, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு. பேட்டரியைக் கோக்கலாமென்றால் பல்பைக் கோக்கக் கூடாதா? டிரெய்லரின் இரண்டு பல்பையும் அதே மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தேன். இரண்டும் எரிந்தன! ராசப்பன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, இது எப்படீங்க?” என்றார். இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரியென்றுவிட்டார். சந்தைக்கு இரண்டு நடை போய்வந்தாயிற்று. ஒரு பழம் மேலே தங்கவில்லை.

பேசுகிற நாலு பேரில் மூன்று பேருடைய பழம் என் டிரெய்லரில்தான் போகிறது. அண்ணியிடம் சொல்லுங்கள்.

கருப்பாத்தாள்

*

பூனா
14-6-1966

கருப்பாத்தாளுக்கு,

நிறுத்து. இந்தக் கடிதம் கிடைத்த பிறகு அந்த ஒயரோடு ஒரு நடைகூடப் போகாதே.

நீ கோத்தது தப்பில்லை, ஆனால் ஆபத்து. ஒரு பல்பு போனால் மற்றதும் அணையும். மூடுபனியில், வளைவில், பின்னால் பஸ் வந்தால் என்ன ஆகும்? மூன்று நாளாக எனக்குத் தூக்கமில்லை.

என் கைக்காசில் கடையில் இருபத்துநாலு வோல்ட் பல்பு ஆறு வாங்கிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இரண்டு விளக்குக்கும் தனித்தனியாக ஒயர் இழு. கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் எர்த், டிரெய்லர் கொக்கி வழியாகவே கிடைக்கும் என்று இருந்துவிடாதே. வண்டி குலுங்கினால் விட்டுவிடும். எர்த்துக்கும் தனி ஒயர் போடு. லாரியின் விளக்கு சுவிட்சை முழுசாகத் திருப்ப வேண்டும். பாதியில் நின்றால், எதிரி கண்ணில் படாமலிருக்க வைத்த பட்டாளத்து மறைவிளக்கு மட்டும்தான் மினுங்கும். படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

நீ செய்வதை நான் ஒத்துக்கொண்டதாக நினைக்காதே. ஆகஸ்டில் உன்னைக் கூட்டிவரத்தான் வருகிறேன்.

அப்புசாமி

*

சோளக்காடு
9-7-1966

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. படத்தில் இருக்கிறபடியே எல்லாம் மாற்றிவிட்டேன். கை முழுக்கக் கீறல், ஆனால் ஒரு ஒயரும் தப்பாகப் போகவில்லை.

போன சந்தையன்று உங்கள் வியாபாரி குப்புசாமி வந்தார். லாரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “வூட்டுல ஆம்பளைங்க யாரும்மா?” என்றார். “வண்டி என் பேர்லதானுங்க இருக்குது. எங்கிட்டயே பேசுங்க. ஆனா விக்கறதா இல்லீங்க” என்றேன். பேசிக்கொண்டிருந்ததில் அவர் முதல் பஸ்ஸை விட்டுவிட்டார். டிரெய்லரில் பலாப்பழங்களுக்கு நடுவில் உட்கார்ந்து இறங்கினார்.

பாதி மலையில் பனி இறங்கிவிட்டது. ஒரு வளைவில் கல் தெறித்து இடது விளக்கு நொறுங்கியது. பின்னால் வந்த பஸ் வலது விளக்கைப் பார்த்து மூன்று முழத்தில் நின்றது. நான் இறங்கி ஓடினேன். குப்புசாமி பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பஸ் டிரைவர், “அந்த ஒத்த வெளக்குத்தாம்மா காப்பாத்துச்சு” என்றார். பழைய ஒயராக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு நான் கடன்பட்டவள். அதை மறுக்கமாட்டேன்.

ஆனால் அந்தப் பயத்தோடுதான் ஏறி உட்கார்ந்து, “எடுங்க ராசப்பா” என்றேன். பேளுக்குறிச்சியில் பழம் இறக்கிய பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

ஆகஸ்டில் வாருங்கள். என்னைப் பார்க்க வாருங்கள். கூட்டிப்போக என்றால் டிக்கெட் எடுக்க வேண்டாம். பதின்மூன்றாம் தேதி வருவதாக அண்ணி எழுதியிருந்தாள். அன்று சந்தை நாள். சேலம் ஸ்டேஷனுக்கு எதிர்கொண்டு வர என்னால் முடியாது. எனக்கு லோடு இருக்கிறது.

உங்கள் தங்கை
கருப்பாத்தாள்
லாரி சொந்தக்காரி, சோளக்காடு